சின்ன ஊருக்குக் குடிபோக நினைப்பவர்களுக்கு

நான் குடியேறிய முதல் சின்ன ஊரை ஒரு விழா நாளில் பார்த்து முடிவு செய்தேன். தெருவெல்லாம் விளக்கு, எல்லாக் கடையும் திறந்திருந்தது, கண்ணில் பட்டவர்கள் எல்லாரும் சிரித்த முகம். இரண்டே மாதத்தில் வீடு பிடித்து சாமான்களை ஏற்றி வந்துவிட்டேன். மழைக்காலம் தொடங்கியதும் பாதிக் கடைகள் பூட்டிவிட்டன. எதிர்வரிசையில் இருந்த ஏழு வீடுகளில் ஐந்தில் விளக்கே எரியவில்லை. அவை வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பதினான்கு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது இருப்பது இரண்டாவது ஊர். இதை ஒரு செவ்வாய்க்கிழமை, தூறலில், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வந்து ஆறு வருடமாகிறது. பழைய ஓட்டு வீடுகளும் கல் பாவிய தெருவும் இருக்கிற அழகான ஊரைக் கண்டுபிடிக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். அந்த ஊரின் சாதாரண நாள் நமக்கு ஒத்துவருமா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும். அதற்கு நான் செய்ததையும், செய்யாமல் விட்டு வருந்தியதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் இரண்டு வாரத்தை எழுதுங்கள்

ஊரைத் தேடுமுன் ஒரு நோட்டை எடுத்து, கடந்த இரண்டு வாரம் நீங்கள் உண்மையில் எங்கெல்லாம் போனீர்கள், என்ன வாங்கினீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கனவு வாரத்தை எழுத வேண்டாம். சின்ன ஊருக்குப் போனால் தோட்டம் போடுவேன், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பேன், படம் வரைவேன் என்றெல்லாம் தோன்றும். இருக்கிற இடத்திலேயே ஒரு தொட்டியில் செடி வளர்த்துப் பார்க்காதவருக்கு ஊர் மாறியதும் அந்தப் பழக்கம் தானாக வந்துவிடாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், பிள்ளைகள் உட்பட. ஒருவருடைய ஆசைக்காக மொத்தக் குடும்பமும் இடம் மாறி, மற்றவர்கள் வாடிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். வாரம் ஒருமுறையாவது தேவைப்படுவது, மாதம் ஒருமுறை தேவைப்படுவது, வருடத்துக்கு ஓரிரு முறை தேவைப்படுவது. என் கணக்கு இதுதான்: வாரத் தேவைகள் அந்த ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும், மாதத் தேவைகள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும், வருடத் தேவைக்கு எவ்வளவு தூரம் போனாலும் பரவாயில்லை. நூலகமும் மருந்துக்கடையும் எனக்கு வாரத் தேவை. சினிமா மாதத் தேவை. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், ஆனால் அது எழுத்தில் இருக்கட்டும். பிடித்த ஊரைப் பார்த்துவிட்ட பிறகு எழுத உட்கார்ந்தால், அந்த ஊருக்கு ஏற்றபடிதான் கை எழுதும்.

எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். வாடகை, இரைச்சல், நெரிசல் என்றால் சின்ன ஊர் உதவும். தனிமை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

அப்புறம் வரைபடம்

எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி. இத்தாலியில் 1999-இல் ‘சிட்டாஸ்லோ’ என்ற இயக்கம் தொடங்கியது. அவசரமில்லாத வாழ்க்கையைக் காப்பாற்ற நினைக்கிற, ஐம்பதாயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்கள் இதில் சேரலாம். இப்போது பல நாடுகளில் உறுப்பு ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருந்தாலே நல்ல ஊர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று, நடைபாதை, உள்ளூர்த் தொழில் என்று அவர்கள் எதையெல்லாம் பார்த்து ஊரைச் சேர்க்கிறார்கள் என்று படித்தால், நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபடும்.

நான்கைந்து ஊர் மனதில் விழுந்ததும் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போடுங்கள். முதல் வட்டம் ஆஸ்பத்திரிக்கு. இதைப் பெரும்பாலானோர் “ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறதா?” என்ற ஒரு கேள்வியோடு விட்டுவிடுகிறார்கள், அது போதாது. மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாயைப் பலூன் வைத்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, நோயைக் கண்டறிந்த 120 நிமிடத்துக்குள் முடிகிற இடமாக இருந்தால் அதைச் செய்வதுதான் முறை. அதற்குமேல் ஆகும் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதலில் கொடுத்து, அப்புறம் அனுப்புவார்கள். பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்க வேண்டும்: இரவு இரண்டு மணிக்கு இந்தச் சிகிச்சை தரக்கூடிய ஆஸ்பத்திரி எது? ஆம்புலன்ஸ் எங்கிருந்து கிளம்பி வரும்? அது வரும் நேரத்தையும் திரும்பிப் போகும் நேரத்தையும் கூட்டினால் எவ்வளவு?

இரண்டாவது ஊரைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பாதையில் இரவு பதினொரு மணிக்கு நானே காரை ஓட்டிப் பார்த்தேன். வரைபடம் 50 நிமிடம் என்றது. ஒரு ரயில்வே கேட்டில் காத்திருந்து, தெருவிளக்கே இல்லாத வளைவுகளில் மெதுவாகப் போய்ச் சேர்ந்தபோது 75 நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு அது ஏற்கத்தக்க நேரம் என்று தோன்றியது. வீட்டில் இதய நோயாளியோ, அடிக்கடி டயாலிசிஸ் தேவைப்படுகிறவரோ, கர்ப்பிணியோ இருந்தால் நான் வேறு ஊர் பார்த்திருப்பேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அடுத்து, காரில்லாமல் அந்த ஊரில் வாழ முடியுமா என்று பாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா? மனிதர் சாதாரணமாக நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். வீட்டிலிருந்து 800 மீட்டருக்குள், அதாவது பத்து நிமிட நடைக்குள், என்னென்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாடகையில் மிச்சமாகும் என்று நம்பிப் போகிறவர்கள் இரண்டாவது வண்டி வாங்க நேர்ந்து, மிச்சமானது அதிலேயே கரைந்துபோவது சகஜம். பிற்காலத்தில் கண்பார்வை மங்கி வண்டி ஓட்ட முடியாத நிலை வரும்போது எப்படி என்பதையும் இப்போதே யோசிக்கலாம்.

இணையம் பற்றி இரண்டு வரி போதும். ஒரு வீடியோ அழைப்புக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) வேகம் தாராளம், ஆனால் அது பதிவேற்றத்திலும் கிடைக்க வேண்டும். விளம்பரத்தை நம்பாமல், நீங்கள் குடிபோக நினைக்கிற அதே வீட்டுக்குள், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் சோதித்துப் பாருங்கள். தடித்த கல்சுவர் வீட்டில் செல்போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும்.

ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது?

ஒரு ஊருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். சுற்றுலாவை மட்டும் நம்பிய ஊர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் எண்ணூறு பேருக்கும் குறைவானவர்கள் வாழ்கிற ஊர். கூட்டம் மிகுந்த நாட்களில் பத்தாயிரம் பேர் வரை வந்து இறங்குகிறார்கள். 2023-இல் படமெடுக்கிற கூட்டத்தைக் கட்டுப்படுத்த, ஏரிக் காட்சியை மறைத்து மரத்தடுப்பே வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அங்கே குடியிருப்பவருக்குத் தன் வாசற்படியில் உட்காரவே இடமில்லாத நாட்கள் உண்டு.

இன்னொரு தொல்லை விடுமுறை வீடுகள். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் இருக்கிற செயின்ட் ஐவ்ஸ் ஊர் மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, இனிமேல் கட்டப்படும் புது வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று விதி கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்கு உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போயிருந்தது. நீங்கள் பார்க்கிற ஊரில் இது எப்படி என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. விடுமுறை இல்லாத காலத்தில், வாரநாளில், இரவு எட்டு மணிக்கு ஒரு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் அந்தத் தெருவில் வீடு எடுக்காதீர்கள். முதல் ஊரில் நான் எண்ணாமல் விட்டது இதைத்தான்.

இதற்கு நேர் எதிராக, ஆட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிற ஊர்களும் உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் சம்பூக்கா என்ற ஊர் 2019-இல் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோ விலையிலிருந்து ஏலம் விட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வாங்குகிறவர் மூன்று ஆண்டுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவழித்துச் சீரமைக்க வேண்டும், 5,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இப்படிப்பட்ட அறிவிப்பைப் பார்த்தால் விலையை விட்டுவிட்டு நிபந்தனைகளைப் படியுங்கள். அந்த ஊரில் கொத்தனார் கிடைப்பாரா, வேலை முடியும் வரை எங்கே தங்குவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

தேய்கிற ஊர் எல்லாமே தீர்ந்துபோன ஊர் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் விக்டவுன் வேலைவாய்ப்பெல்லாம் போய் வாடிக்கிடந்த ஊர். 1998-இல் அந்நாட்டின் தேசிய புத்தக ஊராக அறிவிக்கப்பட்டது, பழைய புத்தகக் கடைகள் ஒவ்வொன்றாக வந்தன, தெருவுக்கு உயிர் வந்தது. ஊர் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள நான் நம்புவது ஆரம்பப் பள்ளியைத்தான். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் போய் விசாரியுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், இந்த வருடம் எத்தனை? பள்ளியை மூடவோ பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கவோ பேச்சு நடக்கிறதா? பள்ளி போனால் இளம் குடும்பங்கள் போகும், அவர்களோடு கடைகளும் போகும்.

மூன்று முறை போங்கள், ஒருமுறை மோசமான பருவத்தில்

பட்டியல் இரண்டு ஊராகச் சுருங்கியதும் நேரில் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. முதல் முறை சும்மா சுற்றிப் பார்க்க. அதில் மயங்குவது இயல்பு, தடுக்க வேண்டாம். இரண்டாவது முறை அந்த ஊரின் மோசமான பருவத்தில்: அடைமழையோ கடும் வெயிலோ கொட்டும் பனியோ, எதைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே அலுத்துக்கொள்கிறார்களோ அப்போது. நார்வேயில் ரியூகான் என்று ஓர் ஊர். செங்குத்தான மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருப்பதால் செப்டம்பர் முடிவிலிருந்து மார்ச் வரை வெயிலே விழாது. 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, சூரிய ஒளியைத் திருப்பி ஊர்ச் சதுக்கத்தில் விழச் செய்தார்கள். கோடையில் மட்டும் பார்த்து வீடு வாங்கினவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

மூன்றாவது முறை ஒரு வாரமாவது தங்குங்கள். ஓட்டலில் வேண்டாம், சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒரு வாடகை வீட்டில். உங்கள் நோட்டில் எழுதிய அந்தச் சாதாரண வாரத்தை அங்கே வாழ்ந்து பாருங்கள். வேலை இருந்தால் அங்கிருந்தே செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு, மதியம் இரண்டு மணிக்கு, இரவு ஒன்பது மணிக்கு ஒரே தெருவில் நடங்கள். பகலில் தெரியாத பட்டறைச் சத்தம் காலையில் கேட்கும், காற்று திசை மாறும்போது பக்கத்து ஆலையின் நாற்றம் வரும். உள்ளாட்சி அலுவலக வாசலில் இருக்கிற அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். ஊருக்குப் பக்கத்தில் புறவழிச்சாலை வருகிறதா, கல்குவாரிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

இந்த வாரத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல யோசனை ஒன்று உண்டு. பழுதான ஒரு பொருளைக் கையோடு கொண்டுபோங்கள். நான் ஜிப் அறுந்த ஒரு தோள்பையைக் கொண்டுபோயிருந்தேன். முதலில் கேட்ட கடைக்காரர் இரண்டு தெரு தள்ளி இருந்த தையற்காரரிடம் அனுப்பினார். தையற்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜிப்பின் பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது தைக்கிற வேலை இல்லை, ஜிப்பை இழுக்கிற ஓடி மட்டும்தான் தேய்ந்திருக்கிறது” என்று சொல்லிக் குறட்டால் ஓர் அழுத்து அழுத்தினார். ஜிப் ஏறிக்கொண்டது. காசு வாங்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் மூன்று பேரோடு பேசியிருந்தேன், பிளம்பர் யார், எலக்ட்ரீஷியன் யார், யார் சொன்னால் சொன்ன நாளில் வருவார் என்று தெரிந்துகொண்டிருந்தேன். முதல் ஊரில் ஒழுகுகிற குழாய்க்கு ஆள் வர பத்தொன்பது நாள் காத்திருந்திருக்கிறேன்.

மண், தண்ணீர், வழி

பழைய ஊர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில், மலைச்சரிவில், காட்டோரத்தில் இருக்கும். அழகு வந்ததும் அதனால்தான், ஆபத்து வருவதும் அதே வழியில்தான். இங்கிலாந்தின் லின்மவுத் இரண்டு சிற்றாறுகள் கடலில் சேருகிற இடத்தில், செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற ஊர். 1952 ஆகஸ்ட் 15 இரவு மலைமேல் பெய்த மழை பாறைகளையும் மரங்களையும் அடித்துக்கொண்டு ஊருக்குள் இறங்கியது, 34 பேர் இறந்தார்கள். கலிஃபோர்னியாவின் பாரடைஸ் பைன் மரங்களுக்கு நடுவே மலைமுகட்டில் இருந்த ஊர். 2018 நவம்பர் 8 காலையில் காட்டுத்தீ வந்தபோது வெளியேறும் சாலைகள் வண்டிகளால் அடைத்துக்கொண்டன, அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. ஊரிலிருந்து வெளியே போக எத்தனை சாலை இருக்கிறது என்று எண்ணுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்துவிடுங்கள் என்கிறேன்.

“நூறு ஆண்டு வெள்ளம்” என்று அதிகாரிகள் சொல்வதை நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஒரு வருடத்திலும் அது வர 1 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். 30 வருடம் அதே வீட்டில் இருந்தால், ஒருமுறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு, ஏறக்குறைய நான்கில் ஒன்று. வெள்ள வரைபடமும் நிலநடுக்க வரைபடமும் பல நாடுகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் அந்த வீட்டுக்கு என்ன தொகை கேட்கிறது என்று வாங்குமுன் விசாரித்தால் அதுவே ஒரு பதில். வயதானவர்களிடம் “தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?” என்று கேளுங்கள். “வருமா?” என்று கேட்டால் வராது என்பார்கள். “எதுவரைக்கும் வந்தது?” என்றால் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள்.

பழைய வீட்டுக்குள்

பழைய வீடுகளின் மேல் எனக்கு இருக்கிற பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால்தான் சொல்கிறேன், வீட்டை மழை பெய்த மறுநாள் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்கு வேலை செய்யட்டும். ஊறின மண் வாசனை அடித்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போங்கள். சில்லென்று இருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, பெயின்ட் பொருக்குத் தட்டியிருக்கிறதா? அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர், உறிஞ்சின ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அப்படிப்பட்ட சுவரின் மேல் யாரோ சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால், ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். இதைச் சரிசெய்ய மேலே இன்னொரு கோட் அடித்தால் போதாது, சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டியிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

பழைய மின்கம்பிகள், ஈயம் கலந்த பழைய பெயின்ட், கல்நார் ஓடு, உத்தரங்களில் கறையான்: இவற்றுக்கெல்லாம் விவரம் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. பாரம்பரியக் கட்டடம் என்று பதிவான வீடாக இருந்தால் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி வேண்டியிருக்கலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஓர் அளவுநாடா. குறுகலான திருப்பப் படிக்கட்டில் உங்கள் அலமாரி ஏறாது.

இத்தனை பார்த்தும் உடனே வாங்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். சின்ன ஊரில் வீட்டை வாங்குவது சுலபம், விற்பதற்கு மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் ஆகும். முடிந்தால் பழைய வீட்டையும் அந்த ஒரு வருடம் விற்காமல் வாடகைக்கு விட்டு வையுங்கள்.

மனிதர்கள்

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அண்மையில் இடம் மாறி வந்தவர்களிடம் நட்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கும் மேல். வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால் முதல் 50 மணிக்கே அரை வருடம் ஓடிவிடும். தனிமையிலிருந்து தப்பிக்க வருகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். சின்ன ஊரில் எல்லோரும் முகம் பார்த்துத் தலையசைப்பார்கள், அதை நட்பு என்று எடுத்துக்கொண்டால் ஆறே மாதத்தில் மனம் நொந்துபோகும்.

எனவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்த மணிக்கணக்கைச் சேர்க்க ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே ஆட்கள் கூடுகிற ஏதாவது ஒன்று: பாட்டுக் குழு, நூலக வாசிப்பு வட்டம், விளையாட்டு மைதானம், தன்னார்வ மீட்புப் படை, தோட்டக்காரர்கள் கூடும் இடம். உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமான ஒன்றாவது இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் அங்கே நிம்மதியாக வாழ்கிறார்களா என்றும் விசாரியுங்கள். வேறு மொழி, வேறு நிறம், வேறு மதம், தனியாக வாழும் பெண் என்று எதுவாக இருந்தாலும், அப்படி ஏற்கெனவே வந்து குடியேறிய ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு மணி நேரம் பேசுவது, ஊர்க்காரர்கள் நூறு பேர் சொல்வதைக் கேட்பதைவிடப் பயனுள்ளது. ஊர் முழுக்க எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது உதவி தேவைப்படும் நாளில் வரம். மற்ற நாட்களில் நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். அது ஒத்துவருமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஊருக்கு மூன்றாவது முறை வந்திருந்தபோது, பேருந்து நிறுத்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “எத்தனை நாள் இருப்பாய் தம்பி?” என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன். “இல்லை, குடிவந்தால் எத்தனை நாள் இருப்பாய்?” என்றார். நான்கு வருடத்தில் மூன்று குடும்பங்கள் வந்து, பழகி, கிளம்பிப் போய்விட்டார்களாம். எதற்கு மறுபடி பழக வேண்டும் என்று ஆகிவிட்டது என்றார். ஊர்க்காரர்கள் விலகி நிற்பதாகப் புதிதாக வந்தவர்கள் குறைப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும். நான் வந்த முதல் வருடம் எதற்கும் யோசனை சொல்லவில்லை. நாற்காலி தூக்கினேன், கூட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்கினேன். இரண்டாவது வருடம் அவர்களாகவே என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள்.

எப்போது குடிபோவது?

ஊர் முடிவாகிவிட்டதா? சரி, தேதி குறிக்கும்போது விடுமுறைக் காலத்தைத் தவிர்த்து, கூட்டம் வடிந்த பருவத்தின் தொடக்கத்தில் போங்கள். வாடகை வீடு அப்போது எளிதாகக் கிடைக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். கடைக்காரர்கள் கை ஓய்ந்து நின்று பேசுவார்கள். பிளம்பர் வருவார். வீட்டில் என்னென்ன ஒழுகும், எந்த அறைக்குள் வெளிச்சம் வராது என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும், வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம். முதல் வாரம் பெட்டிகளை முழுக்கப் பிரிக்க வேண்டாம். மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள், நூலக அட்டை வாங்குங்கள், இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுங்கள். பெட்டிகளை அதற்கப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.